பத்துல எதைத் தூக்கறது?

நான் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில வேலை பார்க்கிறேன். தினமும் வேலூர்லேர்ந்து கம்பெனி பஸ். பக்கத்து சீட்டு நண்பன் ரஹ்மான் வெறியன். நான் ராஜா ஆளு. போன வாரம் ஒரு விளையாட்டு ஆரம்பிச்சோம். ஆளுக்குப் பத்து ஆல்பம் எழுதணும், அடுத்தவன் அதுல மட்டமானதைத் தூக்கணும்.

அவன் லிஸ்ட்டுல 'பாபா' இருந்துச்சு. யோசிக்கவே இல்ல, அடிச்சிட்டேன். அவன் என்னோட 'நீதானே என் பொன்வசந்தம்' மேல கை வெச்சான். பள்ளிகொண்டா தாண்டறதுக்குள்ள சண்டை. ரெண்டு நாள் வேற வேற சீட்டு.

"நீ பாட்டைக் கேட்டியா, படத்தைப் பார்த்தியாடா?"ன்னு அவன் கேட்டதுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. 2002-ல 'பாபா' ஓடவில்லை. விநியோகஸ்தர்களுக்கு நஷ்டத்தை ரஜினியே திருப்பிக் கொடுத்தார். அந்தத் தோல்வியை நான் பாட்டு கணக்குல எழுதிட்டேன். ஆனா அவன் மட்டும் யோக்கியமா? கௌதம் மேனன் 2010-ல ரஹ்மானோட 'விண்ணைத்தாண்டி வருவாயா' பண்ணிட்டு, 2012-ல ராஜாகிட்ட வந்தார். எட்டுப் பாட்டு, ஹங்கேரி இசைக்கலைஞர்கள். இவன் அதுக்குள்ள பழைய படத்தையே தேடியிருக்கான். நமக்கு ஆல்பம்னாலே கூட ஒரு படம் ஒட்டிக்கிட்டு வருதே, என்ன பண்றது!

மூணாம் நாள் 'பாபா'வை முழுசா கேட்டேன். 'சக்தி கொடு' நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் அவன் பத்துல அதுதான் கடைசி. நேரா போய்ச் சொன்னேன்.

"கேட்டுட்டுச் சொல்றே, சரி"ன்னு ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தான். பொன்வசந்தத்துல அவன் மூணு பாட்டுக்கு மேல போகலையாம். நாளைக்கு ஹெட்போனை நானே மாட்டி விடப் போறேன்.