ஆர்கனும் பறையும்



போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் போகிறது. அதைப் பறிக்கும் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கி அடைந்து போடிமெட்டு ஏறுகிறார்கள். நம் தாய்மார்களும் தமக்கைகளும் அவர்களில் உண்டு. மலையில் அவர்கள் பாடும் பாட்டுக்குக் கோயிலுக்குள் இடம் உண்டா? இதையே இன்று பேச வந்தோம்.

பழைய கோயில்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கோபுரத்தையும் மணியையும் ஆர்கனையும் எழுதுகிறார்கள். யார் எங்கே உட்கார்ந்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள். வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தைப் பாருங்கள். 1872இல் அர்ச்சிக்கப்பட்ட அக்கோயிலுக்கு பீடம் ஒன்று, மண்டபம் இரண்டு; கால்சட்டை மாதிரி. வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று, நடுவில் சுவர். 1910இல் கௌசானல் அடிகளார் சுவரை இடித்தார். வேளாளர் வழக்குக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் அவர்கள் உரிமையை ஏற்கவில்லை. அந்த இரண்டு மண்டபங்களின் கணக்கிலேயே நாம் இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

நம் பக்கத்தில் அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் வந்தது. 1847இல் சாதியை விடாதவருக்குத் திருவிருந்து இல்லை என்றது. விட்டதற்குச் சான்று, கூடி உண்பது. உபதேசியார் பலர் அந்தச் சோற்றைத் தொடாமல் விலகினார்கள். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். நல்ல வேலைதான். ஆனால் உள்ளே வந்தது கர்நாடக ராகம். பறை வாசலில் நின்றது. சாவுக்கு மட்டும் கூப்பிட்டார்கள்.

அதை உள்ளே அழைத்தவர் பறட்டை அண்ணன் என்ற தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்தவர், 2005இல் மறைந்தார். மேற்கத்திய இசை அறியாமல் அவர் ஆர்கனை மறுக்கவில்லை. அறிந்தே கேள்வி கேட்டார். எழுதி வைத்த சுரத்தை அப்படியே வாசிக்க வேண்டும். நாட்டுப்புறப் பாட்டையோ பாடுகிறவர் தன் தேவைக்கு மாற்றலாம். பாட்டை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதே அவருடைய இறையியல். ஒரே உலையில் பொங்கி உண்பதை அவர் வழிபாடாகப் பார்த்தார். 1847இல் விலகிப்போனவர்கள் விட்டுச்சென்ற சோறு அது.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போங்கள். பாட்டுக்குழுவில் யார், பறை எந்தப் படிவரை வந்தது, கல்லறையில் சுவர் உண்டா என்று முதியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு உரையை நீங்களே நிகழ்த்துங்கள்.