80 நிமிடத்துக்கான உடல்

ரக்பி லீக் ஆட்டக்காரரின் உடலை வடிவமைப்பவை அந்த ஆட்டத்தின் இரண்டு விதிகள். பந்து வைத்திருக்கும் அணி ஆறாவது முறை பிடிபட்டதும் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி வரிசை கட்ட வேண்டும். கண்டியிலும் கொழும்பிலும் பள்ளி அணிகள் ஆடும் 15 பேர் ரக்பிக்கு இந்த விதிகள் கிடையாது. லீக் 13 பேர் ஆட்டம். 1895இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் தனியே பிரிந்த இந்த ஆட்டத்தைச் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் வளர்த்தார்கள். இன்று அதன் உச்சம் ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். போட்டி.

கபடியில் பிடிபட்டவர் வெளியே போய்விடுவார். இங்கே அவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே உருட்டிவிட்டு, அடுத்த ஓட்டத்துக்குத் தயாராக வேண்டும். பிடித்தவருக்கும் ஓய்வு இல்லை. பின்னோக்கி ஓடி, நின்று, மறுபடி முன்னே பாய வேண்டும். 1990களுக்கு முன் தடுக்கும் அணி பின்வாங்கும் இடைவெளி 5 மீட்டராக இருந்தது. அது இரட்டிப்பானதும் ஓட்டமும் கூடியது, மோதும் வேகமும் கூடியது. 2016இல் என்.ஆர்.எல். போட்டியில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வாய்ப்பு 10இலிருந்து 8 ஆகக் குறைந்தபோது, 110 கிலோ எடையுள்ள முன்வரிசைக்காரரும் கூடுதல் நேரம் களத்தில் நின்றாக வேண்டியதாயிற்று.

ஆகவே வெறும் பலம் போதாது. மூச்சு வாங்கும்போதும் கைவிடாத பலம் வேண்டும். ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ் ஆகிய எடைப் பயிற்சிகள் அடித்தளம். பிரிஸ்பேன் பிராங்கோஸ் அணியில் நீண்ட காலம் பலப் பயிற்சியாளராகப் பணியாற்றிய டான் பேக்கர், கனமான எடையோடு குறைந்த எடையை வெடிப்பு வேகத்தில் தூக்கும் பயிற்சியையும் சேர்த்து வளர்த்தார். மோதலில் வேலை செய்வது எடையும் வேகமும் சேர்ந்த உந்தம் என்பதால் அவர் வழி சரியானதே.

களப் பயிற்சியில்தான் இந்தக் கலையின் நுட்பம் தெரிகிறது. ஆட்டக்காரர் மார்பு தரையில் படக் குப்புற விழுகிறார்; கையை ஊன்றி எழுகிறார்; 10 மீட்டர் பின்னே போய், முன்னே வந்து மெத்தைப் பலகையைத் தோளால் இடிக்கிறார்; உடனே மறுபடி விழுகிறார். கால் தளர்ந்த நிலையில், கையில் பந்தைக் கொடுத்து, சிறிய களத்தில் ஆடவிடுகிறார்கள். களைத்த மூளை சரியான முடிவு எடுக்கிறதா என்பதும் அப்போது சோதிக்கப்படுகிறது. பிடிபட்டவரைத் தரையில் அழுத்தி வைக்க மல்யுத்தப் பயிற்சியும் உண்டு.

விரைந்து ஓடுபவருக்குப் பெரும் பகை பின்தொடைத் தசைக் கிழிவு. அதற்கென ஒரு பயிற்சி இருக்கிறது. ஒருவர் மண்டியிட, துணைவர் அவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்கிறார். மண்டியிட்டவர் இடுப்பு மடங்காமல் மெல்ல மெல்ல முன்னே சாய்கிறார். உடலின் பாரத்தைப் பின்தொடை தாங்குகிறது. பார்க்க எளிது, செய்யக் கடினம்.

கழுத்துக்கும் பயிற்சி தரப்படுகிறது. ஆனால், மூளை அதிர்ச்சியை அது தடுத்துவிடும் என்று எந்தப் பயிற்சியாளரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

தோள்பட்டைகளுக்கு நடுவே பொருத்திய சிறு ஜி.பி.எஸ். கருவி ஒவ்வொருவரும் ஓடிய தூரத்தையும் வேகத்தையும் பதிவு செய்கிறது. பயிற்சிச் சுமை திடீரென ஏறும்போது காயம் கூடுகிறது, படிப்படியாகக் கட்டிய கடும் பயிற்சியோ உடலைக் காக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் காபெட் 2016இல் வாதிட்டார். அவர் முன்வைத்த கணக்கீட்டு முறை பின்னர் விமர்சனத்துக்கு உள்ளானது. சுமையைச் சிறுகச் சிறுக ஏற்ற வேண்டும் என்ற அறிவுரை மட்டும் இன்றும் செல்லுபடியாகிறது. நவம்பரில் தொடங்கும் தயாரிப்பு, மார்ச்சில் போட்டி தொடங்கும்வரை நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். போட்டி தொடங்கிவிட்டால் வாரத்தின் முதல் வேலை, முந்தைய ஆட்டத்தின் அடிகளை ஆற்றுவது.

ஜிம் சுவரில் எழுதிய எடைக் கணக்கை வைத்துப் பயிற்சியாளரை மதிப்பிட முடியாது. ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் பந்தை விட்டுத் தடுப்பு வரிசையைக் கவனியுங்கள். பிடித்துவிட்டு விழுந்தவர்கள் எழுந்து 10 மீட்டர் பின்னே வந்து சேருகிறார்களா என்பதிலேயே அவருடைய வேலை தெரிந்துவிடும்.