மருந்தகத்தில் முகவரி கேட்பது ஏன்?



இங்கிலாந்தில் மருந்துப் பையைக் கையளிக்குமுன் மருந்தக ஊழியர் முகவரியைக் கேட்பார். "இத்தனை வருடமாக வருகிறேன், என்னைத் தெரியாதா?" என்று மூத்தோர் சிலர் மனம் வருந்துவதுண்டு. அது சந்தேகமன்று. தந்தை பெயரே குடும்பப் பெயராகப் பதியப்படும் தமிழரிடையே, ஒரே தெருவில் இரண்டு சிவகுமார்கள் இருப்பது வியப்பில்லை. ஊழியர் முகவரியை வாசிக்க, ஆமெனத் தலையசைப்பதிலும் பார்க்கத் தாமே முழுமையாகச் சொல்வது நன்று.

மருந்துகளின் பெயர்களும் மயக்குவன. இரத்த அழுத்தத்திற்குரிய அம்லோடிபினும் மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலினும் இடம் மாறக்கூடியவை. மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால் விழுங்குமுன் கேளுங்கள். பெரும்பாலும் தயாரிப்பாளர் மாறியதே காரணமாயிருக்கும், எப்போதுமன்று.

தெரிந்த மருந்தாளர் வழக்கில் அகப்படுவாரோ என்றஞ்சி, பிழையைக் கண்டும் வாளாவிருப்போர் உளர். அறியாது நேர்ந்த பிழையை, அறிந்தவுடன் நோயாளருக்குத் தெரிவிக்கும் மருந்தாளர் குற்றவியல் வழக்கில் எதிர்வாதம் முன்வைக்க 2018 ஆம் ஆண்டுச் சட்ட ஆணை இடமளிக்கிறது. ஆகவே அம்மருந்தை எறிந்துவிடாது, பெட்டியுடன் அதே மருந்தகத்திற்குக் கொண்டுசெல்லுங்கள். ஏற்கனவே உட்கொண்டிருந்தால் 111 இலக்கத்தை அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம்.