யார் கையில் கொடுத்தாய்?

எனக்கு ஊர் மோகனூர். காவிரிக் கரையோரத்தில் முப்பத்தோரு வருசம் தபால்காரனாகச் சைக்கிள் மிதித்து ஓய்வு பெற்றவன். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இணையம் வழியாகப் புகையிலை விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டுமா, அவரவர் சுதந்திரம், அவரவர் பொறுப்பு என்று விட்டுவிட வேண்டுமா என்பதுதான் இன்றைக்கு நான் பேச வேண்டியது. வக்கீலும் டாக்டரும் பேச வேண்டிய விஷயமாச்சே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் ஒரு பொருளை யார் கையில் கொடுப்பது, யார் கையில் கொடுக்கக் கூடாது என்பதுதான் இதில் பாதிக்கு மேல். அந்தப் பாதி எனக்குத் தெரியும்.

மணியார்டர் காலத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மாதம் பிறந்தால் முதியோர் உதவித்தொகை வரும். வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்தில் ஒரு அம்மிச்சி இருந்தார். நான் வரப்பில் வருவது தெரிந்ததும் வாயில் அதக்கியிருந்த பொகயிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் முன்னால் வந்து உட்காருவார். பாரத்தை எடுத்துப் பெயரைச் சொல்லிக் கேட்பேன். தினம் பார்க்கிற முகம்தான், ஆனாலும் கேட்க வேண்டும். இடது பெருவிரலில் மை தடவி ரேகை வைத்து, பக்கத்துக் காட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கி, நோட்டை இரண்டு தடவை எண்ணி அந்தக் கையிலேயே வைப்பேன். மருமகள் வாசலில் நின்று, "எங்கிட்டக் குடுங்கண்ணா, நாங் குடுத்துக்கறேன்" என்பார். நல்ல பெண்தான். ஆனாலும் கொடுக்க மாட்டேன்.

ஏன் அவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம் ஒரு மழை நாளில், ஆற்றங்கரை வீடு ஒன்றில், அம்மாவுக்கு வந்த பணத்தை மகன் கையில் கொடுத்துவிட்டேன். "அம்மா குளிக்கப் போயிருக்குது" என்றார், நம்பினேன். அந்தப் பணம் அன்றைக்கே குடிக்குப் போய்விட்டது. மறுநாள் அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்து நின்றார். போஸ்ட்மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. "யார் கையில் கொடுத்தாய்?" என்று மட்டும் கேட்டார். தொகையை என் சம்பளத்திலிருந்து கட்டினேன். பணம் போனது மறந்துவிட்டது. அந்தக் கேள்வி மறக்கவில்லை.

இனி பார்சல் கதைக்கு வருகிறேன். 2018, ஐப்பசி மாதம். உள்ளங்கை நீளத்தில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி, பணம் வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டியது. முகவரியில் ஒரு அப்பாரு பெயர். கண் புரை விழுந்தவர், செல்போனைக் காதில் வைத்துப் பேச மட்டும் தெரியும். நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் பேரன் ஓடி வந்தான், பதினொன்றாவது படிக்கிற பையன். "மாமா, அப்பாரு சொல்லித்தான் வாங்குனேன்." அப்பாருவும் திண்ணையிலிருந்தே, "பேனாவோ என்னமோ கேட்டானுங்க, குடுத்துருங்க சாமி" என்றார். முறைப்படி அப்பாருவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, காசை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு பெட்டியைக் கொடுத்தேன். பையன் அங்கேயே பிரித்தான். பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒரு உலோகக் குச்சி, செல்போனுக்குப் போடுவது போல ஒரு சார்ஜர் கம்பி, கண் மருந்து சைஸில் ஒரு புட்டி. மூடியைத் திருகினான். மாம்பழ வாசம் அடித்தது. ஐப்பசியில் மாம்பழ வாசம்! மிட்டாய் எசன்ஸோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருசம், 2019 செப்டம்பரில், மத்திய அரசு மின்சிகரெட்டுக்குத் தடை கொண்டுவந்து அவசரச் சட்டம் போட்டது. பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். அதே குச்சி. பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு என் விதிப்படி ஒரு தப்பும் இல்லை. பெயர் சரி, கையெழுத்து சரி, பணம் சரி. யார் என்று கேட்டேன், என்ன வயது என்று கேட்கவில்லை. கேட்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. இதைத்தான் நேயர்களே, இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003-ல் வந்த புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் ஆறாவது பிரிவு, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது என்கிறது. பள்ளி, கல்லூரியிலிருந்து நூறு கெஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது. மீறினால் அபராதம் இருநூறு ரூபாய் வரை. 2015-ல் வந்த சிறார் நீதிச் சட்டம், பிள்ளை கையில் புகையிலையைக் கொடுத்தால் ஏழு வருசம் வரை சிறை என்கிறது. இந்த இருநூறு ரூபாய்க்கும் அந்த ஏழு வருசத்துக்கும் நடுவில்தான் நம் ஊர்ப் பெட்டிக்கடைகள் நடக்கின்றன. மின்சிகரெட் வியாபாரத்துக்கு முதல் தடவை ஒரு வருசம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். ஆனால் சாதாரண சிகரெட் பெருநகரங்களில் செல்போனில் சொன்னால் பாலும் முட்டையும் வருகிற பையிலேயே வந்து சேர்கிறது.

இந்த விதிகளில் என் மனசுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தானியங்கி இயந்திரம் வழியாகப் புகையிலை விற்கக் கூடாது என்று 2011-ல் சேர்த்தார்கள். இயந்திரத்துக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. பெட்டிக்கடைக்காரருக்கு, "நீ இன்னாரு பையன்தானே, உங்கப்பன்கிட்டச் சொல்லவா?" என்று கேட்க வாய் இருக்கிறது. ஐயம் வந்தால் வயதுச் சான்று கேட்கலாம் என்று விதியே அவருக்கு இடம் தருகிறது. இப்போது செல்போனில் என்ன நடக்கிறது? "எனக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது" என்று ஒரு வரி வரும், பக்கத்தில் ஒரு கட்டம். விரலால் தொட்டால் தீர்ந்தது. தெருமுனையில் வைக்கக் கூடாது என்று தடுத்த இயந்திரம் இப்போது பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கிறது. ஜப்பானில் தெருவுக்குத் தெரு சிகரெட் இயந்திரம் இருந்தது. 2008-ல் வயதைக் காட்டும் 'தாஸ்போ' அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அட்டையைத் தொட்டால்தான் பெட்டி விழுந்தது. பெரியவர்களின் அட்டையை வாங்கி வந்து பிள்ளைகள் எடுத்தார்கள். பார்சல் வீட்டு அப்பாருவின் செல்போன் கதைதான் அது.

டீக்கடையில் என் சினேகிதர் ஒருவர் இருக்கிறார், லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். "ஏனுங், அவன் காசு, அவன் ஒடம்பு, கவர்மெண்டுக்கு நடுவுல என்ன வேலை?" என்பார். நியாயமான கேள்வி. அவர் நாற்பது வருசமாகப் பீடி பிடிக்கிறார், அவரிடம் போய் நிறுத்துங்கள் என்று நான் சட்டம் பேச மாட்டேன். வளர்ந்த மனிதர் தனக்குத்தானே கெடுதல் செய்துகொள்வதில் அரசு தலையிடக் கூடாது என்று 1859-ல் சுதந்திரம் பற்றிப் புத்தகம் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில்கூட, இது வயது வராத பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று அங்கேயே எழுதிவைத்தார். சினேகிதரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "உங்க பேரன் பீடி கேட்டா எடுத்துக் குடுப்பீங்களா?" கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அவன் சின்னப் பையனப்பா" என்றார். "நீங்க எத்தன வயசுல ஆரம்பிச்சீங்க?" என்றேன். "பதிமூணு." அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவர் தேர்ந்தெடுத்தாரா, இல்லை பதிமூன்று வயதில் நிக்கோட்டின் அவரைப் பிடித்துக்கொண்டதா? 2019-ல் நாடு முழுவதும் பதிமூன்றிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 8.5 பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று வந்தது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மூன்று பேருக்கு மேல். டீச்சர்மார்கள் கேட்டுக்கொண்டிருந்தால் நாளைக்கு வகுப்பில் ஒரு பார்வை பாருங்கள்.

தடை என்றாலே தோற்கும் என்பவர்களுக்கு எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. 1937 அக்டோபர் முதல் தேதி, ராஜாஜி முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். மோகனூர் அப்போது சேலம் ஜில்லா. எதிர்க்கரை வாங்கல், திருச்சி ஜில்லா. இக்கரையில் கள்ளுக்கடை மூடியாயிற்று, அக்கரையில் திறந்திருந்தது. பரிசல்காரர்களுக்கு அந்த வருசம் நல்ல வரும்படி என்று எங்கள் அப்பாரு சொல்லுவார். ஓட்டை தடையில் இல்லை, ஒரு கரைக்கு மட்டும் போட்டதில். பெட்டிக்கடைக்கு ஒரு விதி, செல்போன் கடைக்கு விதியே இல்லாதது போல ஒரு நடப்பு என்றால், பிள்ளைகளும் பரிசல் ஏறத்தான் செய்வார்கள்.

அமெரிக்காவில் 2010-ல் ஒரு சட்டம் போட்டார்கள். சில விலக்குகள் தவிர, சிகரெட்டைத் தபாலில் அனுப்பக் கூடாது. வேறு வழியில் வீட்டுக்கு அனுப்பினால், வாசலில் உரிய வயதுள்ளவர் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். படித்தபோது எங்கள் பழைய மணியார்டர் பாரம் ஞாபகம் வந்தது. இங்கேயும் அப்படிச் செய்யலாம், ஆனால் ஆதார் நகலை எடுத்துக் கம்பெனிக்காரர் கம்ப்யூட்டரில் சேர்த்துவைக்க வேண்டாம். விவரம் கம்பெனி கைக்குப் போய்விடும் என்று சுதந்திரம் பேசுகிறவர்கள் படுகிற பயம் சரியானது. வாசலில் அட்டையைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஆனால் இதைச் செய்யப் போகிறவர் யார்? பைக்கில் வருகிற இருபத்திரண்டு வயசுத் தம்பி. போன மாதம் ஒருவரிடம் கேட்டேன். "வயசு கேட்டா சண்டைக்கு வருவாங்க மாமா, ஸ்டார் கொறைச்சுருவாங்க, பொருளத் திருப்பி எடுத்துட்டுப் போனா இந்த டிரிப்புக்குக் காசு வருமான்னும் தெரியாது" என்றார். என் பின்னால் ஒரு போஸ்ட்மாஸ்டர் இருந்தார், சீருடை இருந்தது. அவர் பின்னால் யாரும் இல்லை. பெரியவர் இல்லாத வீட்டிலிருந்து பொருளைத் திருப்பி எடுத்துவந்தால் அவருக்கு முழுக் கூலியும் தர வேண்டும் என்று விதியில் எழுதட்டும். "யார் கையில் கொடுத்தாய்?" என்ற கேள்வியை அந்தத் தம்பியிடம் கேட்காமல், விற்ற கம்பெனியிடம் அரசு கேட்கட்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று வானொலி அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். வீட்டில் செய்ய வேண்டியது பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயரில் வருகிற பார்சலை நீங்களே வாங்குங்கள், நீங்களே பிரியுங்கள். ஒருநாள் பார்சலோடு வருகிற தம்பி உங்கள் பிள்ளையிடம் பையைக் கொடுக்காமல், "வீட்டுல பெரியவங்க இருக்காங்களா?" என்று கேட்டு வெயிலில் நிற்பார். அந்த நாள் சீக்கிரம் வரும் என்று நம்புகிறேன். வந்தால் அவரிடம் கோபப்படாதீர்கள். நிழலுக்குக் கூப்பிட்டு ஒரு சொம்புத் தண்ணி குடுங்க.