வேதாளத்தை வரைந்த நம்ம ஊர்க்காரர்

(பழைய மாணவர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழில் பற்றிப் பேசச் சொன்னார்கள். பம்பு, வால்வு பற்றிப் பேச என்னைவிடப் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் ஓர் ஓவியரைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு, கையில் வாளோடு சுடுகாட்டில் நடக்கிற அம்புலிமாமா படம் மூத்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதை வரைந்த சங்கர், அதாவது கே.சி. சிவசங்கரன், எந்த ஊர் தெரியுங்களா? நம்ம தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவு! 1924-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே சென்னைக்குப் போய், ராய் சௌத்ரி முதல்வராக இருந்த ஓவியப் பள்ளியில் படித்தார். கலைமகளில் சில ஆண்டுகள், 1952 முதல் அம்புலிமாமா. 1947-இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அந்த இதழ் பல மொழிகளில் வந்தது. எழுத்து மொழிக்கு மொழி மாறும், படம் ஒன்றேதான். ஒடியா படிக்கிற பிள்ளைக்கும் குஜராத்தி படிக்கிற பிள்ளைக்கும் வேதாளம் என்றால் நம்மாள் போட்ட வேதாளம்தான்.

எங்க அப்புச்சி வீட்டுப் பரணில் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தைத்து அட்டை போட்ட அம்புலிமாமாக்கள் இருந்தன. கரண்ட் போன ராத்திரிகளில் அரிக்கேன் வெளிச்சத்தில் பார்ப்பேன். வேதாளத்தைவிட அரசனின் நடைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தோளில் கனம் இருப்பது அதில் தெரியும். இன்ஜினியரிங் டிராயிங்கில் அரியர் வைத்தவன் சொல்கிறேன், அது லேசில் வராது.

இன்னொன்று. கதை எழுதுபவர் "அரண்மனைக்குள் நுழைந்தான்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார். படம் போடுகிறவர் தூண், திரைச்சீலை, காவல்காரனின் தலைப்பாகை எல்லாம் போட்டாக வேண்டும். எங்கள் தொழிலில் "சைட்டில் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதித் தப்பிப்போம். நானும் தப்பித்திருக்கிறேன். ஏறத்தாழ 60 ஆண்டுகள், மாதாமாதம், அவர் தப்பிக்கவில்லை.

2016 முதல் நான் சென்னையில் வேலை பார்த்தேன். அவரும் சென்னையில்தான் இருந்தார். ஒரு தொகுப்பில் கையெழுத்து வாங்க ஆசை. அதற்கு ஊருக்கு வந்து எடுத்துப் போகவேண்டும். அடுத்த லீவு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். 2020 செப்டம்பரில் 96 வயதில் அவர் காலமானார். 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் போன பிறகு.

அந்தத் தீபாவளிக்கு வந்து பரணில் ஏறினேன். காலி. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டதாம். "வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெச்சிருப்பனே கண்ணு" என்றார் அம்மிச்சி. அவர்மேல் தப்பில்லை.

தையல் மெஷின் டிராயரில் ஒரே ஓர் இதழ் மட்டும் கிடைத்தது, 1974 ஜூன். அதில் வேதாளக் கதையின் கடைசித் தாள் இல்லை. வேதாளம் கேள்வி கேட்பதோடு நிற்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் அந்த மாத இதழ் இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பாருங்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன்.