குழந்தைகளும் பக்கவாதமும்

பக்கவாதம் முதியோரின் நோய் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஐந்து வயதுப் பாலகன் ஒருவன் காலையில் எழும்போது வலக்கையைத் தூக்க மாட்டாமல் நாக்குழறிக் கிடந்தான் என்றால் நம்புவோர் சிலரே. ஆயினும் அரிவாளணுச் சோகை என்னும் பரம்பரை நோயுடன் பிறந்த குழந்தைகளுக்கு இவ்வாறு நேர்வதுண்டு. முன்கூட்டிச் சோதிக்கும் வழக்கம் ஏற்படாத காலத்தில், அமெரிக்க நாட்டில் இந்நோயின் கடுமையான வகையைக் கொண்டோருள் 100க்கு 11 பேர் 20 வயது நிறையுமுன் பக்கவாதத்துக்கு ஆளாயினர்.

உயிர்வாயு குறையும்போது இவர்களுடைய சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து விறைத்துவிடுகின்றன. 1910இல் சிகாகோ நகரத்து மருத்துவர் ஹெரிக் இதனை விவரித்தார். நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையேயும் இவ்வணு உண்டென்பதை 1952இல் லேமனும் கட்புஷ்ஷும் வெளியிட்டனர்; ஆகவே இஃது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. இவ்வணுக்கள் மூளைக்குச் செல்லும் பெருங்குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்தி, நாளடைவில் அவற்றைக் குறுகச் செய்கின்றன.

தோட்டத்து ரப்பர்க் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் நீர் சீறிப் பாய்கிறதன்றோ? குறுகிய இரத்தக் குழாயிலும் அதுவே. அவ்வேகத்தை அளக்க 1982இல் ஆஸ்லிட் என்பாரும் அவர் குழுவினரும் வழி கண்டனர். மண்டையோடு மெல்லிதாயுள்ள நெற்றிப்பொட்டில் சிறு கருவியொன்றை வைத்துச் செவிக்கெட்டாத ஒலியைச் செலுத்துவர். ஓடும் அணுக்களிற்பட்டு மீளும் ஒலி, வேகத்தைக் காட்டிவிடும். ஊசியில்லை, வலியில்லை. குழந்தை விழித்து அமைதியாயிருக்க வேண்டும். உறங்கினால் வேகம் மிகுந்தும், அழுதால் குறைந்தும் தோன்றும். பரிசோதிப்பவர் கதை சொல்லத் தெரிந்தவராயிருத்தல் நலம்; தாலாட்டு உதவாது!

சராசரி வேகம் விநாடிக்கு 200 சென்டிமீட்டரை எட்டினால் ஆபத்து. அத்தகைய 130 குழந்தைகளை அமெரிக்காவில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் தொடர்ந்து இரத்தம் ஏற்றினர். ஏற்றாத பிரிவில் 11 குழந்தைகளுக்கும், ஏற்றிய பிரிவில் ஒரே குழந்தைக்கும் பக்கவாதம் கண்டது. வேறுபாடு தெளிவாகிவிட்டமையால், ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தி 1998இல் முடிவை வெளியிட்டனர்.

மாதந்தோறும் இரத்தம் ஏற்றுவது எளிய காரியமன்று. ஈரலில் இரும்புச் சத்து தேங்குகிறது. போதுமென நிறுத்தினாலோ ஆபத்து மீள்கிறது என்று 2005இல் கண்டனர். ஓராண்டேனும் இரத்தம் ஏற்றிய பின், குழாய்கள் மிகவும் கெடாதவர்களுக்கு ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து ஈடாகும் என 2016இல் ஓர் ஆய்வு காட்டிற்று. இரத்தம் அரிதாகக் கிடைக்கும் வட நைஜீரியாவிலோ, தொடக்கத்திலிருந்தே அம்மருந்தைக் கொடுத்து வருகின்றனர்.

இவ்வளவு இருந்தும் சோதனைக்கு வரும் பிள்ளைகள் எத்தனை பேர்? வசதி மிக்க அமெரிக்காவிலேயே, 2019இல், அரசாங்க மருத்துவக் காப்பு பெற்ற இந்நோய்ச் சிறுவருள் பாதிப்பேர்கூடச் சோதிக்கப்படவில்லை. ஓடி விளையாடும் பிள்ளையை எதற்காக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்று தாய் கேட்பது இயல்பே. கூலியும் ஒருநாள் போய்விடும். ஆனால் வேகம் மிகுந்த குழந்தைக்கு வெளியே தோன்றும் அறிகுறி யாதுமில்லை. ஆதலின் 2 வயது முதல் 16 வயது வரை ஆண்டுக்கொரு முறை சோதித்தல் வேண்டும் என்பர். 170க்கும் 200க்கும் இடைப்பட்ட வேகமுள்ள குழந்தையை ஓராண்டு காத்திராமல் முன்னதாகவே மீண்டும் அழைக்க வேண்டும்.