மலையணிலும் முக்குளிப்பானும்

ஓர் உயிரைத் தனியே கண்டால் அதன் அழகு தெரியும். இரண்டை ஒப்பிட்டுக் கண்டால் அவ்வழகுக்குரிய காரணமும் விளங்கும். நீலகிரியின் வடபுறத்தில் அமைந்த மசினகுடி வட்டாரம் இதற்கு ஏற்ற இடம். மேற்கே தெப்பக்காட்டில், மாயாற்றங்கரை நெடுமரங்களில் மலையணில் வாழ்கிறது. தமிழகத்தின் ஏரி குளங்களில் முக்குளிப்பான் என்னும் சிறு பறவை வாழ்கிறது. ஒன்று கொறிக்கும் விலங்கு, மற்றொன்று பறவை. ஆயினும் இரண்டுக்கும் தரை ஆகாது.

மலையணிலின் எடை ஏறத்தாழ 2 கிலோ. அது பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தொங்கி, முன்னங்கால்களால் காயை ஏந்தி உண்ணும். அப்போது அதன் நீண்ட வால் கிளையின் மறுபுறம் தொங்கி, தராசுத் தட்டுப்போல் சமன் செய்யும். மரம் விட்டு மரம் 6 மீட்டர் தாவும். மண்ணில் இறங்குவதோ அரிது.

முக்குளிப்பானின் எடை சுமார் 200 கிராமே. அதன் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்துள்ளன. விரல்தோறும் தனித்தனி மடல் உண்டு. நீருக்குள் அவை சிறந்த துடுப்புகள். கரையேறினாலோ பறவை தடுமாறும்.

கூடு கட்டுவதிலும் இவ்வுறவைக் காணலாம். அணில், கனத்த பகைவிலங்கு எட்ட முடியாத மெல்லிய கிளைக் கவட்டில் சுள்ளியும் இலையும் கொண்டு உருண்டையான கூடு அமைக்கும். முக்குளிப்பான் நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கும் கூடு அமைக்கும்; வெளியே செல்லும்போது முட்டைகளைத் தழையால் மூடிவிடும்.

ஒன்றில் பெற்ற தேர்ச்சிக்கு மற்றொன்றில் விலை கொடுத்திருக்கின்றன இவ்வுயிர்கள். குளம் வற்றினால் முக்குளிப்பான் வேறு நீர்நிலை தேடிப் பறந்து செல்லும். அணிலுக்கு அவ்வழி இல்லை. மரங்கள் நூறு நின்றாலும், கிளையோடு கிளை தொடாவிடில் அதற்கு அது காடன்று. முதுமலை 1940-இல் சரணாலயமாயிற்று. 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. எனினும் காட்டினூடே செல்லும் சாலையின் இருமருங்கிலும் கிளைகள் கைகோத்து நின்றால்தான் அணில் அதைப் பாதுகாப்பாகக் கடக்கும்.

ஆகவே, காட்டு வழியே செல்லும்போது மரங்களின் எண்ணிக்கையை மட்டும் பாராதீர்கள். தலைக்குமேல் கிளைகள் எங்கே கூடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று நோக்குங்கள். உங்கள் ஊர்க் குளத்தில் கோரையும் நீர்ச்செடியும் எஞ்சியுள்ளனவா என்றும் நோக்குங்கள். கண்டதைத் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். உயிரியல் பாடம் அங்கிருந்தே தொடங்குகிறது.